கடைசிப் புள்ளிக்கு முந்திய பெயர்

அத்தியாயம் ஏழு

றஜித்தை வாளால் வெட்டியிருந்தார்கள். முதல் வெட்டு குடிலின் வாசலிலேயே தோளில் இறங்கியிருக்க வேண்டும். அவன் உள்ளே ஓடி, பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு வயலுக்குள் பாய்ந்திருக்கிறான். வரம்புவரை விரட்டிப் போய் முடித்திருந்தார்கள். குப்புறக் கிடந்தவனின் விரல்களுக்குள் பிய்த்த தட்டியின் கிடுகு ஓலை இன்னும் இருந்தது.

அப்புத்துரை ஒருதரம் பார்த்தார். பிறகு தன் ஓட்டோவுக்குப் பின்னால் போய், காலையில் குடித்த தேத்தண்ணி முழுவதையும் வெளியே விட்டார்.

அவர் பயந்த மனிதர் இல்லை. வருடக்கணக்காகக் கண்டி வீதியில் லொறி ஓட்டியவர். ஷெல் விழுந்த சந்தைகளைப் பார்த்தவர். ஆனால் இந்தப் பொடியனைச் செட்டிகுளத்து வயலுக்குக் கொண்டுவந்து இறக்கியது அவர்தான். வழி நெடுக அவனைச் சிரிக்க வைத்தார். "ஒளிச்சிருக்கிறதெண்டால் புது மாப்பிள்ளை மாதிரி இரு. நேரத்துக்குச் சாப்பாடு வரும், வேலைக்கு ஒருதரும் கூப்பிடாயினம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணை, வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்கோ," என்றாள் கமலாசனி. அவளுடைய குரல் வழக்கம் போலத்தான் இருந்தது. கைகளை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கமலாசனி கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள். வவுனியாவுக்குத் திரும்பி, ஒரு தையல் கடையின் மேல்மாடியில் அறை எடுத்து, காணாமல் போன மாடு முதல் காணாமல் போன கணவன் வரை தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்புத்துரை அவளுக்குச் சாரதி, காவல்காரர், வாய்ச் சண்டைக்கு ஆள். சம்பளம் முதல் இரண்டு வேலைக்கும்தான், மூன்றாவது இனாம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

இந்த வழக்கு மற்றவற்றைப் போல இல்லை. மரம் கடத்துகிற ராஜரத்தினம், தன் லொறியை மறித்த வனக்காவலரை நெளுக்குளத்தில் மரம் அரியும் மரக்காலை வாசலில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றான். பார்த்தவர்கள் பலர். பார்த்தோம் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவன் மரக்காலையில் வேலை செய்த முல்லைத்தீவுப் பொடியன் றஜித். மற்றவர் அங்கே தேத்தண்ணி போட்டுக் கொடுத்த மீனம்மா. வனக்காவலரின் மனைவி சிவலட்சுமி கமலாசனியிடம் வந்து கேட்டது ஒன்றைத்தான்: "இந்த ரெண்டு பேரும் கோட்டில ஏறுமட்டும் உயிரோட வைச்சிருங்கோ." வழக்கு மறுநாள் திங்கட்கிழமை. ராஜரத்தினம் பெரிய வக்கீல் பிடித்துப் பிணையில் வெளியே இருந்தான். கமலாசனி இருவரையும் தனித்தனியே ஒளித்து வைத்தாள். இடம் அவளுக்கும் அப்புத்துரைக்கும் தவிர வேறு எவருக்கும் தெரியாது.

தெரியாது என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தார்கள்.

வயல்காரி நாகேஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டு வரம்பில் இருந்தாள். "ரெண்டு பேர், மோட்டச்சைக்கிளில வந்தவங்கள். கதவை உதைக்கேல்ல, சத்தம் போடேல்ல. 'சின்னு, அக்கா கனடாவிலயிருந்து சாமான் அனுப்பியிருக்கிறா' எண்டு கூப்பிட்டவங்கள். பொடியன் சிரிச்சுக்கொண்டெல்லோ வெளியில வந்தது."

"சின்னு எண்டோ?" கமலாசனி நிமிர்ந்தாள்.

"ஓம் பிள்ளை. எனக்கே அவன்ர அந்தப் பெயர் தெரியாது."

ஓட்டோவில் ஏறும்போது கமலாசனி சொன்னாள்: "அது வீட்டில கூப்பிடுற பெயர் அண்ணை. தாயும் தேப்பனும் செத்திட்டினம். அந்தப் பெயர் தெரிஞ்ச ஒரே ஆள் ரொறன்ரோவில இருக்கிற தமக்கைதான்."

"தமக்கை தம்பியைக் கொல்லச் சொல்லுவாவோ?"

"கொல்லச் சொல்லியிருக்க மாட்டா. ஆரிட்டையோ பெயரைச் சொல்லியிருக்கிறா. பெயரைச் சொன்னவா இடத்தையும் சொல்லியிருப்பா. அதைக் கேக்கத்தான் போறம்."

வவுனியா பசார் வீதியில் நிரோசினி நடத்திய தொலைத்தொடர்பு நிலையத்தில் மூன்று டெலிபோன் பெட்டிகளும், புதிதாக வந்து இறங்கிய ஒரு கொம்பியூட்டரும் இருந்தன. டெலிபோன் வயரில் கொழுவியதும் அது பூனை மாதிரிக் கத்தி, பிறகுதான் உலகத்தோடு கதைக்கும்.

கனடாவில் றஜித்தின் தமக்கை மார்கிறட் டெலிபோனை எடுத்தாள். கமலாசனி செய்தியைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு, மறுமுனையில் எழுந்த அழுகை ஓயும் வரைக்கும் றிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். பெட்டிக்கு வெளியே நின்ற அப்புத்துரைக்கே அந்தச் சத்தம் கேட்டது.

"அக்கா, அவன் இருக்கிற இடத்தை ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"ஒருதருக்கும் சொல்லேல்ல. அவன் ஒருக்கா கோல் எடுத்து, செட்டிகுளத்தில நாகேஸ்வரி எண்டவவின்ர வயலில இருக்கிறன், ஒருதருக்கும் சொல்லாதையுங்கோ எண்டவன். நான் உறவு நிறுவனத்துக்கு மட்டும்தான் போட்டனான்."

'உறவு' என்பது இடப்பெயர்வில் பிரிந்துபோனவர்களைத் தேடிச் சேர்த்து வைக்கும் நிறுவனம். வவுனியாவில் அதன் கிளையில் அழுதுகொண்டு ஏறிச் சிரித்துக்கொண்டு இறங்கியவர்கள் நிறையப் பேர்.

"அவையிட்டை நீங்களாப் போய்ச் சொன்னனீங்களோ?"

"இல்லை, ஈமெயில் வந்தது. உங்கட தம்பியைக் காணேல்லையெண்டு ஒரு பதிவு இருக்கு, சுகமா இருக்கிறாரெண்டால் உறுதிப்படுத்துங்கோ எண்டு. கீழ ஒரு விலாசம். அதை அமத்தினவுடன அவையின்ர பக்கம் வந்தது. அதே படம், அதே எழுத்து. பெயர், வீட்டுப் பெயர், இருக்கிற இடம் எல்லாம் கேட்டது. நான் போட்டன், பிள்ளை. காணாமல் போனவன் எண்டு எழுதிப்போடுவினமோ எண்டு பயந்து போட்டன்."

"உங்கட ஈமெயில் விலாசம் ஊரில ஆரிட்டை இருக்கு?"

"உறவிட்டைத்தான். முந்தி அம்மாவைத் தேடேக்க குடுத்தது."

"அந்தப் பக்கத்தின்ர விலாசத்தை எழுத்தெழுத்தாச் சொல்லுங்கோ."

மார்கிறட் விக்கி விக்கிச் சொன்னாள். கமலாசனி அதை ஒரு துண்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து கொம்பியூட்டருக்கு முன் கதிரையில் இருந்தாள். உறவு, புள்ளி, ஓர்க், புள்ளி, தேடல்கள், புள்ளி, கொம்.

பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல இறங்கியது. உறவு நிறுவனத்தின் அடையாளமான கோத்த இரண்டு கைகளும் வந்தன.

"இது அவையின்ர பக்கம்தானே?" என்றார் அப்புத்துரை. "முதல் சொல்லே உறவு எண்டு கிடக்கு. எனக்கு இங்கிலிசில ஒழுங்காத் தெரிஞ்ச எழுத்து 'எல்' ஒண்டுதான், லொறி பழகேக்க முன்னுக்குக் கட்டினது. எண்டாலும் நீங்கள் வாசிச்சது விளங்குது."

"அண்ணை, மலேசியாவில இருக்கிற உங்கட பெரியம்மாவுக்குக் கடிதம் போட்டால் விலாசம் எப்பிடி எழுதுவீங்கள்?"

"அவவின்ர பெயர். வீட்டு இலக்கம், தெரு. பிறகு ஊர். கடைசியா நாடு."

"தபால் கந்தோர்க்காரன் எதை முதல் பார்ப்பான்?"

"நாட்டை. அதுதான் கடிதம் எந்தக் கப்பலில ஏறோணுமெண்டு சொல்லும். பெரியம்மாவின்ர பெயர் அவனுக்கென்னத்துக்கு?"

"இதையும் அப்பிடித்தான், கடைசியிலயிருந்து பின்னுக்கு வாசிக்கோணும். கடைசிப் புள்ளிக்குப் பிறகு கிடக்கிற கொம், ஓர்க், எல்கே எல்லாம் பெரிய பிரிவுகள். எல்கே எங்கட நாடு. ஓர்க் பெரும்பாலும் நிறுவனங்கள் வைச்சிருக்கிறது. கொம் ஆரும் வாங்கலாம். அந்தக் கடைசிப் புள்ளிக்கு முன்னுக்கு நிக்கிற பெயர்தான் வீடு. காசு கட்டிப் பதிஞ்சு ஒருதர் சொந்தமா வைச்சிருக்கிறது அது. இங்க அது என்ன?"

அப்புத்துரை அவளுடைய விரல் போன இடத்தைப் பார்த்தார். "தேடல்கள்."

"அப்ப இது தேடல்கள் டொட் கொம் எண்டவன்ர வீடு. அதுக்கு இடப்பக்கம் இருக்கிற உறவும் ஓர்க்கும், வீட்டுக்காரன் தன்ர விருப்பத்துக்குக் கேற்றில தொங்கவிட்ட பலகை. அவன் அதில பிரித்தானிய மகாராணி எண்டு எழுதினாலும் ஒருதரும் வந்து கேக்க மாட்டினம்."

"விளங்குது, விளங்குது. நான் என்ர ஓட்டோவின்ர நெத்தியில அம்புலன்ஸ் எண்டு எழுதலாம். ஆனால் நம்பர் பிளேட் அப்புத்துரையின்ர பெயரிலதான்."

கமலாசனி விரலை எடுத்துவிட்டு உறவு, புள்ளி, ஓர்க் என்று அதை மட்டும் அடித்தாள். உண்மையான பக்கம் வந்தது. கோத்த கைகள் அப்படியே இருந்தன. நிறமும் எழுத்தும் அச்சொட்டாக ஒன்று. கீழே இருந்த விண்ணப்பத்தில் மட்டும் ஒரு கட்டம் குறைவு. பொய்ப் பக்கத்தில் இருந்த கடைசிக் கட்டத்தை அவள் வாசித்துக் காட்டினாள்: அவர் இப்போது தங்கியிருக்கும் இடம்.

அப்புத்துரை திரைக்குக் கிட்டக் குனிந்தார். "ஆளைக் காணேல்லையெண்டு தேடி வாறவனிட்டை, ஆள் எங்க இருக்கெண்டு கேக்கிறாங்களே. தெரிஞ்சால் அவன் ஏன் தேடுறான்?"

"அதுதான் அண்ணை. இது காணாமல் போனவனைத் தேடிற பக்கம் இல்லை. ஒளிச்சிருக்கிறவனைத் தேடிற பக்கம்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பெயர் தோன்றியது. மீனம்மாவின் மகன் மதுசன் சுவிசில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். கமலாசனி மறுபடியும் டெலிபோன் பெட்டிக்குள் ஓடினாள். கதவைச் சாத்தவில்லை. வீதியில் ஓட்டோச் சத்தம் இல்லாத அந்த ஒரு கணத்தில் அவளுடைய கேள்வியும் மதுசன் கத்திச் சொன்ன பதிலும் அப்புத்துரைக்குத் தெளிவாகக் கேட்டன.

"ஓம் அக்கா, உறவில இருந்து வந்தது. முந்தியும் அவையோட எழுதினனான்தானே. அம்மா கோல் எடுத்து இடத்தைச் சொன்னவா. அம்மா பூவரசங்குளத்துச் செங்கல் சூளையில சமைக்கிறா எண்டு விடிய வேலைக்குப் போக முன்னம்தான் போட்டன். ஏன் அக்கா?"

கமலாசனி றிசீவரை வைத்தாள். வெளியே வந்தபடியே நிரோசினியிடம் சொன்னாள்: "பொலிசுக்கு அடிச்சு பூவரசங்குளம் செங்கல் சூளைக்கு வரச் சொல்லு. பிறகு இன்னொரு வேலை. அண்ணை சொன்ன நம்பர் பிளேட்."

"நான் என்ன சொன்னனான்?" என்றார் அப்புத்துரை.

"வாகனம் ஆற்ற பெயரில எண்டு பதிவுக் கந்தோரில கேக்கலாமெல்லோ. வீட்டுப் பெயருக்கும் அப்பிடி ஒரு பதிவு இருக்கு, ஆரும் பார்க்கலாம். நிரோசினி, தேடல்கள் டொட் கொம் ஆற்ற பெயரில பதிஞ்சிருக்கெண்டு தேடி எடுத்து வை."

பூவரசங்குளம் மன்னார் வீதியில் இருக்கிறது. வாகனங்களை மறித்துச் சோதிக்கும் சென்றிப் பொயின்றில் நின்ற ஆமிக்காரனிடம் அப்புத்துரை தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்தார். அதற்குப் பிறகு அவர் பிறேக்கைத் தொடவில்லை. பகிடியும் விடவில்லை. கமலாசனி இருக்கைக்கு அடியில் கிடந்த சில்லுக் கழற்றும் இரும்பை எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

சூளை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் இல்லை. செங்கல் அடுக்குகளுக்கு அப்பால் ஒரு பெண் கத்துவது கேட்டது.

"இறங்குங்கோ பிள்ளை," என்றார் அப்புத்துரை.

"நீங்கள்?"

"நான் இறங்கேல்ல."

கமலாசனி இரும்போடு இறங்கியதும் அவர் ஓட்டோவை அடுக்குகளுக்கு நடுவால் விட்டார். அங்கே வாளோடு நின்ற ஒருவன் சத்தம் கேட்டுத் திரும்பினான். இருபத்தைந்து வயது இருக்கும், மெல்லிய மீசை. அப்புத்துரை அந்த முகத்தை முழுதாகப் பார்த்துக்கொண்டேதான் மோதினார். ஓட்டோ அவனையும் இழுத்துக்கொண்டு அடுக்கில் போய் இடித்தது. செங்கற்கள் சரிந்து விழுந்தன. அவனுடைய தொடை எலும்பு முறிந்த சத்தம், காய்ந்த விறகு முறிகிற மாதிரி, இயந்திர இரைச்சலுக்கு மேலால் கேட்டது. ஓட்டோ பக்கவாட்டில் சாய்ந்தது. அப்புத்துரை உடைந்த கண்ணாடி வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தார்.

சமையல் கொட்டிலின் முன்னால் இரண்டாவது ஆள் மீனம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றான். வாள் ஏற்கெனவே ஒருதரம் இறங்கியிருந்தது. மீனம்மாவின் தோளிலிருந்து சட்டை முழுக்க இரத்தம். அவன் இரண்டாம் தரம் ஓங்கினான். எப்படி அந்த இடத்துக்குப் போனார் என்று அப்புத்துரைக்குப் பின்னர் ஒருபோதும் ஞாபகம் வரவில்லை. கையைக் குறுக்கே கொடுத்தார். வாள் முழங்கைக்குக் கீழே எலும்புவரை இறங்கியது. முதலில் நோகவில்லை, குளிர்ந்தது.

கொண்டையிலிருந்து பிடி தளர்ந்த அந்தக் கணத்தில் மீனம்மா கொட்டிலுக்குள் பாய்ந்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. துணியும் இல்லாமல் வெறுங்கையால் பானையைத் தூக்கி வந்து அவனுடைய தலையில் கவிழ்த்தார்.

அவன் அலறியது மனிதர் அலறுவது போல இல்லை. வாளை விடாமல் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிச் சுற்றி வீசினான். கமலாசனி குனிந்து போய் இரும்பால் அவனுடைய மணிக்கட்டில் அடித்தாள். வாள் விழுந்தது. அவள் முழங்காலில் அடித்தாள், அவன் விழுந்தான். அவள் நிறுத்தவில்லை. மறுபடியும் அடித்தாள், மறுபடியும் அடித்தாள். அவளுடைய வாய் ஏதோ முணுமுணுத்தது. கிட்டப் போனபோதுதான் அது ஒரு பெயர் என்று அப்புத்துரைக்கு விளங்கியது. றஜித், றஜித் என்று சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தாள்.

"காணும் பிள்ளை, நிப்பாட்டுங்கோ," என்றார் அவர். "இவன் கதைக்கோணும்."

அவள் இரும்பைக் கீழே போட்டாள். தன் கைகளையே பார்த்தாள்.

கதைத்தவன் செங்கற்களுக்கு அடியில் கிடந்த மற்றவன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "இடம் சொல்லுற ஆளை எங்களுக்குத் தெரியாது. ராஜரத்தினம் அண்ணைக்குக் கோல் வரும். அவர் எங்களை அனுப்புவார். அவ்வளவுதான்."

பொலிஸ் வந்து இருவரையும் ஏற்றியது. மீனம்மாவை அம்புலன்சில் படுக்க வைத்தபோது அவர் வெந்த கைகளை மார்புக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். "கமலாம்மா, நாளைக்கு எத்தனை மணிக்கு கோர்ட்டு?" என்று மட்டும் கேட்டார். மீனம்மாவின் குடும்பம் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியது. அந்தப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை.

அப்புத்துரையையும் ஏறச் சொன்னார்கள். கமலாசனி தன் சால்வையால் அவருடைய கையை இறுக்கிக் கட்டியிருந்தாள். "பிறகு தையல் போடலாம்," என்றார் அவர். "இந்தச் சால்வையே நல்ல தையல்தான்."

நிமிர்த்திய ஓட்டோ இருமிக்கொண்டுதான் ஓடியது. நிரோசினி நிலையத்து வாசலிலேயே நின்றாள். இரத்தத்தைப் பார்த்ததும் உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டு வந்தாள். கமலாசனி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சொல்லு என்றாள்.

"பதிஞ்ச பெயர் பொய் போல அக்கா. அப்பிடி ஒரு ஆளும் அப்பிடி ஒரு தெருவும் வவுனியாவில இல்லை. ஆனால் டெலிபோன் நம்பர் எங்கட ஊர் நம்பர்."

"பெயரைப் பொய்யாப் போடலாம், தெருவைப் பொய்யாப் போடலாம். பதியிற கம்பனி கோல் எடுத்து உறுதிப்படுத்திற நம்பரைப் பொய்யாப் போட ஏலாது. மணி அடிச்சால் எடுக்க ஆள் வேணும்." கமலாசனி அந்த நம்பரைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாத நம்பர். ஆனால் அது எங்க அடிக்குமெண்டு எனக்கொரு நினைப்பிருக்கு. அண்ணை, மார்கிறட்டின்ர ஈமெயிலும் மதுசன்ர ஈமெயிலும் ரெண்டும் சேர்ந்து ஒரே இடத்தில இருக்கெண்டால் அது எந்த இடம்?"

அப்புத்துரை மெல்லச் சொன்னார்: "ரெண்டு பேரும் முந்தி எழுதினது உண்மையான உறவுக்கு."

"பலகையைக் களவெடுத்தவன் வெளியாள் இல்லை. நிரோசினி, நாங்கள் போய்க் கொஞ்ச நேரத்தால இந்த நம்பருக்கு அடி. எடுக்காட்டில் திருப்பித் திருப்பி அடி."

உறவு நிறுவனத்தின் வவுனியாக் கிளையைக் கிறிஸ்தோப்பர் பார்த்துக்கொண்டார். ஐம்பது வயது தாண்டியவர், வெள்ளைச் சேட்டு, கழுத்தில் சிறு சிலுவை. ஞாயிற்றுக்கிழமையும் கந்தோரைத் திறந்து வைத்திருக்கிற மனிதர் என்று ஊரே அவரைப் புகழும். இருவரையும் கண்டதும் பதறி எழும்பினார்.

"என்ன பிள்ளை இது, இரத்தம்? இருங்கோ, இருங்கோ. றஜித்தைக் கேள்விப்பட்டன். பாவம், தமக்கைக்கு என்னெண்டு சொல்லுறது."

"சொல்லியாச்சு ஐயா," என்றாள் கமலாசனி. "உங்கட நிறுவனத்தின்ர பெயரில ஒரு பொய்ப் பக்கம் இருக்கு. எச்சரிக்கை செய்ய வந்தம்."

"பொய்ப் பக்கமோ? கடவுளே. உடன தலைமைக் கந்தோருக்கு எழுதிறன்." அவர் மேசையில் இருந்த கொம்பியூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். முகத்தில் உண்மையான கவலை இருந்தது. அப்புத்துரைக்கு ஒரு கணம், பிள்ளை பிழை விட்டுவிட்டாள் என்றே பட்டது. இந்த மனிதர் இடப்பெயர்வில் எத்தனை பேருக்குக் கூரை போடத் தறப்பாள் கொடுத்தவர்.

மணி அடித்தது.

மேசையில் இருந்த டெலிபோன் சும்மா கிடந்தது. சத்தம் சுவரோரம் நின்ற பூட்டிய இரும்பு அலுமாரிக்குள்ளிருந்து வந்தது. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

கிறிஸ்தோப்பர் கொம்பியூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது பழைய லைன். பழுது."

"எடுங்கோ ஐயா," என்றார் அப்புத்துரை. "பழுதெண்டாலும் அலுமாரி உங்களைத்தான் கூப்பிடுது."

"அடிக்கிறது நிரோசினி," என்றாள் கமலாசனி. "தேடல்கள் டொட் கொம் எண்ட பெயரைப் பதிஞ்சவரோட கதைக்கோணுமாம்."

மேசையில் காகிதம் வெட்டுகிற நீளக் கத்தி கிடந்தது. கிறிஸ்தோப்பர் அதை எடுத்த வேகம் ஐம்பது வயது மனிதரின் வேகம் இல்லை. கழுத்தை நோக்கித்தான் வந்தார். கமலாசனி கையை விரித்துத் தடுத்தாள். கத்தி உள்ளங்கையைத் துளைத்து மறுபக்கம் வந்தது. துளைத்த கையாலேயே கத்தி பிடித்த அவருடைய கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அப்புத்துரை ஒற்றைக் கையால் கதிரையைத் தூக்கி, அதன் கால்களுக்கு நடுவே அவரை வைத்து அலுமாரியோடு சேர்த்து நெருக்கினார். ஒருதரம் இடித்தார், இன்னும் ஒருதரம் இடித்தார். விலா உடைந்தது. அலுமாரி ஆடிச் சரிந்து அவருடைய கால்களின் மேல் விழுந்து கதவு பிளந்தது. உள்ளே கறுப்பு டெலிபோன் கவிழ்ந்து கிடந்தபடியே அடித்துக்கொண்டிருந்தது. கமலாசனி றிசீவரை எடுத்து, "சரி நிரோசினி, காணும்," என்று சொல்லி வைத்தாள்.

கிறிஸ்தோப்பர் மூச்சு வாங்கினார். "நான் ஒருதரையும் தொடேல்ல. என்ர பெடியனை ராஜரத்தினம்தான் வெளிநாட்டுக்கு எடுத்துவிட்டவன். கேட்டான். இடத்தை மட்டும்தான் சொன்னனான்."

"அவன்ர வீட்டுப் பெயரையும் சொன்னீங்கள்," என்றாள் கமலாசனி. "கூப்பிட்டவுடன சிரிச்சுக்கொண்டு வரட்டும் எண்டு."



அவள் கத்தியைத் தானே இழுத்து எடுத்துக் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன் இருந்தாள். தேடல்களின் உள்பக்கத்துக்குப் போகும் கடவுச்சொல்லைக் கேட்டாள். கிறிஸ்தோப்பர் தெரியாது என்றார். அப்புத்துரை அலுமாரியில் ஒரு காலை வைத்தார். கிறிஸ்தோப்பர் சொல்லிவிட்டார்.

திறந்ததும் கமலாசனி திரையை மேலும் கீழுமாக நகர்த்தினாள். அப்புத்துரைக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் வரிகளைக் காணத் தெரியும். இரண்டு வரிகளைத்தான் எதிர்பார்த்தார். திரை நிறைய இருந்தன.

"ரெண்டு பேர் இல்லை அண்ணை. லண்டனில இருந்து ஒரு தாய் மகன் இருக்கிற வீட்டை எழுதியிருக்கிறா. நோர்வேயில இருந்து ஒரு பெட்டை புருசனை. ஊரெல்லாம் ஒளிச்சிருக்கிற ஆக்கள் எல்லாம் இதுக்குள்ள இருக்கினம்." அவள் திரும்பினாள். "இதெல்லாம் ஆருக்கு?"

"வேற ஆக்களும் கேட்டவை," என்றார் கிறிஸ்தோப்பர் தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்புத்துரை அந்த நாளில் முதல்தடவையாக அழுதார்.

கமலாசனி இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். கோத்த கைகளை அழித்தாள், விண்ணப்பத்தை அழித்தாள். அந்த இடத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: இது உறவு நிறுவனத்தின் வாசல் இல்லை. இங்கே இடத்தை எழுதியவர்கள் உங்கள் ஆளை உடனே வேறு இடத்துக்கு மாறச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் எழுதியிருந்த நம்பர்களைப் பார்த்து, அலுமாரிக்குள் கிடந்த அதே டெலிபோனில் ஒவ்வொருவருக்கும் அடிக்கத் தொடங்கினாள். பொலிஸ் வந்து கிறிஸ்தோப்பரைத் தூக்கிக்கொண்டு போனபோதும், டொக்டர் வந்து அங்கேயே அப்புத்துரையின் கையைத் தைத்தபோதும் அவள் அடித்துக்கொண்டுதான் இருந்தாள். சிலர் நம்பினார்கள். சிலர் திட்டினார்கள். நோர்வேப் பெண்ணின் புருசனைப் போன கிழமையே வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிய வந்தது. கமலாசனி றிசீவரை வைத்துவிட்டு அடுத்த நம்பரைச் சுற்றினாள்.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. ராஜரத்தினம் மடிப்புக் குலையாத சேட்டோடு எதிரிக் கூண்டில் நின்றான். சாட்சியின் பெயரைக் கூப்பிட்டபோது வாசலைப் பார்த்தான். மீனம்மா தோளில் கட்டோடும், இரண்டு கைகளிலும் மருந்துத் துணியோடும், சிவலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ராஜரத்தினம் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான்.

மீனம்மா கூண்டில் ஏறினார். துணி சுற்றிய கையை நீட்டிக் காட்டினார். "இவருதாங்க ஐயா. கத்தி இவரு கையிலதான் இருந்துச்சு. அந்த மனுசன் கீழ விழுந்ததுக்குப் பொறகும் வெட்டுனாரு."

ராஜரத்தினத்தின் வக்கீல் எழுந்தார். பெயர் பெற்றவர், குரலை உயர்த்தாமலே பயமுறுத்துகிறவர். "நீர் ஒரு ஏழைப் பொம்பிளை. இந்த வழக்கில உமக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. இங்க வந்து இப்பிடிச் சொல்லச் சொல்லி உம்மட்டை வந்தது ஆர்?"

மீனம்மா யோசித்தார். பின்வரிசையில் நின்ற அப்புத்துரை தன் தைத்த கையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்தார்.

"சொல்லாதேன்னு சொல்லத்தாங்க ஆளு வந்தாங்க, வாளோட," என்றார் மீனம்மா. "சொல்லச் சொல்லி ஒருத்தரும் வரலீங்க."

நீதவான் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று சொல்லிக் கதிரையில் இருந்தார். பிணை ரத்தானது. சிறைக்காவலர் இருவர் ராஜரத்தினத்தின் கைகளைப் பின்னால் சேர்த்தபோது, அந்தக் கூட்டத்தில் சிவலட்சுமி ஒருத்திதான் அவனைப் பார்க்கவில்லை. அவள் மீனம்மாவுக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, வெந்த கைகளால் பிடிக்க முடியாதென்று தானே வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள்.